கயிற்றுக்கு அடியில் வந்த கை

அப்பு,

உன் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா முதல் கட்டை எடுத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் போயிருக்கிறார். மார்க்கெட்டில் தெரிந்தவர் யாராவது பேச்சுக் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடுவார், வர சாயங்காலம் ஆகும். அவர் வீட்டில் இருந்தால் இதை எழுத விடமாட்டார். நீ ஓசூரில்தான் இருக்கிறாய், போனில் கூப்பிட்டுப் பேசலாம். ஆனால் போனில் நீ "அம்மா" என்று ஒரு மாதிரி இழுப்பாய், நான் பாதியிலேயே பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். எத்தனையோ வருஷமாக நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் அந்த வேலை நடக்காது.

போன திங்கட்கிழமை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பற்றித்தான் பேச வேண்டும். அதை எத்தனை தடவை கேட்டேன் என்று சொன்னால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பாய். "அம்மா, தாரணிகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரும்மா, கல்யாணத்துக்கு அப்புறம் இந்த நீச்சல்கீச்சல் எல்லாம் வேணாம்னு. நான் சொன்னா சண்டையாயிரும். நீ சொன்னாக் கேட்டுக்கிருவா. அவ பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்." இதுவரைக்கும் சரி. இதற்குப் பிறகு ஒரு மூச்சு விடுகிறாய். பிறகு, "அங்க எப்படிப்பட்டவனுங்க வருவானுங்கன்னு எனக்குத் தெரியும்மா" என்கிறாய். இதை உன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை பார் என்றார். எனக்கு அந்தக் கடைசி வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எப்படித் தெரியும் அப்பு உனக்கு?

நான் சந்தேகப் பிராணி என்பது நம் தெருவுக்கே தெரியும். பால்காரர் ஊற்றிய பால் நுரை அடங்கும்வரை வாசலில் நிற்கிறவள் நான். உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டால் எங்கே கிளம்புகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் பித்தான் போட விடுவேன். இதில் பாதி பிறவிக்குணம், மீதி மில் கொடுத்தது. வேடசந்தூர் ரோட்டில் இருபத்தாறு வருஷம் நூல் மில்லில் தரம் பார்த்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? ஒரே மாதிரி வெள்ளையாக அடுக்கி வைத்திருக்கும் நூல் கோன்களை நீல விளக்கின் அடியில் தள்ளினால், வேறு பஞ்சில் நூற்ற கோன் மட்டும் தனியாக மின்னும். அதைத் தூக்கி வெளியே போட வேண்டும். ஒன்று தப்பிப் போனாலும் சாயம் போட்ட பிறகு துணி நெடுகப் பட்டை பட்டையாகத் தெரியும். அப்புறம் மில் பெயர் கெட்டுவிடும். அதே மாதிரி, பஞ்சுக்குள் ஒரு கலர் நூலோ பிளாஸ்டிக் துணுக்கோ கிடந்தால் எடுத்தாக வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தேன். உலகத்தில் யாரை வேண்டுமானாலும் அந்த விளக்கின் கீழ் நிறுத்திப் பார்ப்பேன். உன்னை மட்டும் நிறுத்தியதே இல்லை. அது பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாரணியும் நானும் குளத்துக்குப் போக ஆரம்பித்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். பூ வைக்கப் போன அன்று, செம்பட்டியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், லீவு நாளில் என்ன செய்வாய் என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டேன். கோலம், சமையல் என்று ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், "ஞாயித்துக்கிழமை நீச்சலுக்குப் போவேன் அத்தை" என்றாள். திண்டுக்கல்லில் ஸ்கேன் சென்டரில் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு அது ஒன்றுதான் உடம்புக்கு நிம்மதியாம். உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ தட்டில் இருந்த கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது வெட்கம் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கேசரியையும் சந்தேகப்படுகிறேன். என் மூட்டுத் தேய்மானத்துக்குத் தண்ணீரில் நடப்பதும் நீந்துவதும் நல்லது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கூட வர ஆள் இல்லாமல் தள்ளிப் போட்டிருந்தேன். வருகிற மருமகளையே கூட்டு சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு நீச்சல் புதிது இல்லை. எரியோட்டில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் எட்டு வயதில் கற்றுக்கொண்டேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆம்பளை யாராவது கிணற்றில் இறங்க வந்தால் மேலே நின்று குரல் கொடுக்க வேண்டும். கீழே பொம்பளைகள் இருந்தால் நாங்கள் பதில் குரல் கொடுப்போம், அவர் போய்விட்டு அப்புறம் வருவார். நல்ல வழக்கம்தான். ஆனால் பங்காளி முறையில் ஒரு பெரியப்பா இருந்தார். அவர் தனக்கே கேட்காத மாதிரி குரல் கொடுத்துவிட்டுப் பாதிப் படி இறங்கி வந்து நின்று, "நாந்தான் கொரல் குடுத்தேன்ல" என்பார். ஊருக்குள் அவர் மரியாதைப்பட்டவர். விதியை மீறாமலே விதியைத் தாண்டுகிற ஆம்பளைகளை எனக்கு அப்போதிருந்தே தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

குளம் எது என்று உனக்குத் தெரியும். பைபாஸ் ரோட்டுப் பக்கம், மண்டபத்துக்குப் பின்னால் தனியார் நடத்துகிறதே, அதுதான். பெண்களுக்கு மட்டும் என்று வார நாளில் காலை பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு பேட்ச். வேலைக்குப் போகிற பெண் எப்படி வருவாள், போகாதவள் அந்த உச்சி வெயிலில் எப்படி நீந்துவாள் என்று கேட்க ஆள் இல்லை. அதனால் தாரணிக்கு ஞாயிறு பத்து மணி ஃபேமிலி பேட்ச் ஒன்றுதான் வழி. நடுவில் மிதவை கோர்த்த கயிறு. இந்தப் பக்கம் பெண்களும் குழந்தைகளும், அந்தப் பக்கம் ஆண்கள். முதல் நாள் நான் சுடிதாரோடு போனேன். காட்டன் துணிக்கு அனுமதி இல்லை, பஞ்சு உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும் என்றார்கள். பஞ்சைப் பற்றி எனக்கே பாடம். தாரணி கூட்டிப் போய் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய கறுப்பு நைலான் உடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தாள், அவளுடையது மாதிரியே. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனால் தண்ணீருக்குள் இறங்கியதும் முட்டி வலி போன இடம் தெரியவில்லை. முதல் இரண்டு ஞாயிறும் நான் சந்தோஷமாக இருந்தேன் அப்பு. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு நான்கு பையன்கள் வந்திருந்தார்கள். காலேஜில் சேர்ந்த வயசு. முதலில் கயிற்றை ஒட்டியே குதித்தார்கள், தண்ணீர் எங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி. குழந்தைகளை வைத்திருந்த பெண்கள் இரண்டு பேர் ஓரத்துக்குப் போனார்கள். பிறகு தாரணி நீளவாக்கில் நீந்தத் தொடங்கியதும் அவர்களில் ஒருவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவளுக்குச் சரியாக நீந்தினான். ஒவ்வொரு வீச்சுக்கும் அவன் கை கயிற்றைத் தாண்டி அவள் தோளில் பட்டது. பட்டவுடன் "சாரி சிஸ்டர்". மறுபடியும் பட்டது, மறுபடியும் சாரி. அதுவரை அவனுக்குச் சிரிப்புத்தான். தாரணி வேகத்தைக் கூட்டினாள். அவனைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பினாள். அவன் கூட்டாளிகள் ஓவென்று கத்தினார்கள். அப்போதுதான் அவன் முகம் மாறியது. ஒரு பெண் தண்ணீரில் இருப்பதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான், தன்னைவிட வேகமாக இருப்பதைப் பொறுக்க முடியவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது அவன் தலை தண்ணீருக்குள் போனது.

கயிற்றுக்கு அடியில் வந்து என் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். அவன் தேடி வந்தது என் காலை இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே கறுப்பு உடுப்பு, தண்ணீருக்குள் எது யார் கால் என்று தெரிந்திருக்காது. நான் முழுகிப் போனேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. மேலே எது, கீழே எது என்று தெரியாத நிலையில் ஒன்று நினைத்தேன், செத்துப் போவதைப் பற்றி இல்லை. அந்தப் பிடியைப் பற்றித்தான். விளையாட்டுப் பிடி இல்லை அது. ஒரு கை இன்னொரு ஆளை இறக்கிக் காட்ட நினைத்தால் எப்படிப் பிடிக்குமோ அப்படிப் பிடித்தது. தாரணி வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். என்னைக் கம்பியில் பிடிக்க வைத்துவிட்டு, திரும்பப் போய் அவனைத் தோளோடு பிடித்துக் கரை வரை இழுத்து வந்தாள். அவன், "ஆன்ட்டி, ரோப் தெரியல" என்றான்.

மேனேஜர் வந்தார். சின்னப் பசங்க, விளையாட்டுக்குச் செய்தது என்றார். தாரணி விடவில்லை. "வெளையாட்டுன்னா அவங்க நாலு பேரும் ஒருத்தன் காலை ஒருத்தன் இழுத்து வெளையாடட்டும் சார். கயித்தைத் தாண்டி எதுக்கு வரணும்?" என்றாள். புகார் எழுதத் தாள் கேட்டாள். அவர் தாள் கொடுக்காமல், வீட்டு ஆம்பளைகள் நம்பர் கொடுங்கள், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். தாரணி தர மாட்டேன் என்று தலையாட்டுவதற்குள், இருமிக்கொண்டே உன் நம்பரை நான் சொல்லிவிட்டேன். அது நான் செய்த புதுத் தவறு. பழையது இனிமேல் வருகிறது. மேனேஜர் தள்ளிப் போய் உன்னிடம் செத்த நேரம் பேசினார். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "ஒங்க மகன்ட்டப் பேசிட்டேம்மா. தங்கமான மனுசன். இனிமே நீங்க ரெண்டு பேரும் வர மாட்டீங்கன்னு சொல்லிட்டாரு. பிரச்சினை முடிஞ்சிருச்சு" என்றார். அந்த நான்கு பேரும் மறுபடி தண்ணீருக்குள் குதித்த சத்தம் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் வெளியே வந்தோம். தாரணியின் ஸ்கூட்டியில் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது, முகத்தைத் திருப்பாமல், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அத்தை அவரு" என்றாள். மறுநாள் உன் மெசேஜ் வந்தது.

இனிமேல் பழைய கதை. நீ பிளஸ் டூ படித்த வருஷம், இதே குளம், இதே மேனேஜர். அவர் இப்போது தலைக்கு மை போட்டிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. அந்தக் காலத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கே கயிறு கட்டி எல்லாரும் சேர்ந்து நீந்துவார்கள். ஒரு வியாழக்கிழமை, காலேஜ் முதல் வருஷம் படித்த ஒரு பெண்ணைக் கயிற்றுக்கு அடியில் வந்து காலைப் பிடித்து இழுத்து முக்கி, மூச்சு முட்ட வைத்துவிட்டார்கள். நான்கு பையன்கள் என்றாள். மூன்று பேரை அவளே பேர் சொன்னாள். நான்காவது ஆள், இழுத்தவன், மஞ்சள் தொப்பி போட்டிருந்தான் என்றாள். மஞ்சள் தொப்பி யார் என்று கேட்டதற்கு அங்கே இருந்தவர்கள் உன் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். உன் அப்பா வெளியூரில் இருந்தார். மில்லில் பர்மிஷன் போட்டுவிட்டு நான் போனேன்.

அந்தப் பெண்ணின் அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ரவிக்கை தைக்கிறவர். கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்திருந்தார். மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். "இவங்க பையந்தாங்க. மஞ்சத் தொப்பி" என்று என்னைக் காட்டிச் சொன்னார். மற்ற மூன்று தகப்பன்மாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. "நேத்து சாயங்காலம் எம்பையன் எங்கூட மில்லுல இருந்தான். கேட்டு நோட்டுல எழுதியிருக்கு, வேணும்னா வந்து பாருங்க" என்றேன். யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒருத்தன் விஷயத்தில் பொய் என்றால் எல்லாமே பொய்யாக இருக்கலாமே என்றார். தரையைப் பார்த்த மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். கடைசியில் அந்த அம்மாதான் பொய்க்காரி ஆனார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த வாரமே, பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் வரக்கூடாது என்று சாயங்காலத்தில் அவர்களை நிறுத்திவிட்டு, காலை பதினோரு மணி பேட்ச் போட்டார்கள். இன்றைக்குத் தாரணியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியது அந்த நேரமாற்றம்தான். அதைக் கொண்டுவந்ததில் என் வாய்க்கும் பங்கு இருக்கிறது.

நீ மில்லில் இருக்கவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வியாழக்கிழமை நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது நீ படித்துக்கொண்டிருந்தாய். டியூஷனிலிருந்து இப்போதுதான் வந்தேன் என்றாய். கொல்லைக் கொடியில் உன் நீச்சல் டிரௌசர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தொப்பி. நான் ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சை வருஷத்தில் டியூஷனைக் கட்டடித்துவிட்டுக் குளத்துக்குப் போயிருக்கிறான் என்று மட்டும் நினைத்தேன். மறுநாள் மஞ்சள் தொப்பி என்ற வார்த்தை காதில் விழுந்தபோது கொல்லைக் கொடிதான் கண் முன்னால் வந்தது. ஆனால் அதற்குள் வாய் பேசிவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தத் தொப்பியை எடுத்து, சாப்பாட்டுத் தூக்குக்குள் சுருட்டி வைத்து, மில்லுக்குக் கொண்டு போய்க் கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் திணித்தேன். பஞ்சில் ஒரு கலர் துணுக்கு கிடந்தால் கூட வேலை பார்க்கிற பிள்ளைகளை நிற்க வைத்துத் திட்டுகிறவள் நான். என் கையாலேயே ஒரு மஞ்சள் ரப்பரை மூட்டைக்குள் போட்டேன். அன்றைக்கு அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"தொப்பி எங்கம்மா?" என்று நீ ஒரே ஒரு தடவை கேட்டாய். தெரியாது என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. தொலைந்துபோன ஒரு பேனாவுக்கு வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிற பையன், தொப்பியைத் தேடவே இல்லை. குளத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டாய். நான் மறைத்ததை நீ கண்டுபிடித்துவிட்டாய், நீ மறைத்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன், இருவரும் அந்த இடத்தில் ஒரு கதவைச் சாத்திக்கொண்டோம் என்றுதான் நான் நினைக்கிறேன். தவறாக இருந்தால் திருத்து.

பதினோரு வருஷமாக உனக்காக நானே வாதாடியும் பார்த்திருக்கிறேன். நீ குளத்துக்குப் போய், எல்லாரும் வருவதற்குள் கிளம்பியிருக்கலாம். கூட்டாளி எவனாவது உன் தொப்பியை வாங்கிப் போட்டிருக்கலாம். நீ பக்கத்தில் நின்று வேடிக்கை மட்டும் பார்த்திருக்கலாம், தடுக்கப் பயந்திருக்கலாம். எல்லாம் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி நான்தான் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ நல்ல பிள்ளையாகத்தான் வளர்ந்தாய். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆறு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தாய். எனக்குக் காலுக்கு மெத்தென்று செருப்பு தேடி வாங்கி அனுப்புகிறவன் நீ. அதையெல்லாம் நினைக்கும்போது, நான் அந்தப் பொய்யைச் சொன்னதால்தானே இவன் படிப்புக் கெடாமல் இப்படி ஆனான் என்று ஒரு மனம் சொல்லும். இன்னொரு மனம், அந்தப் பொய்யால்தான் இவன் எதையும் எதிர்கொள்ளாமல் அடுத்தவர் வாயால் பேசி முடிக்கப் பழகினான் என்று சொல்லும். மேனேஜரோடு பேசி இரண்டு பெண்களை வெளியேற்றியது, என் வாயால் தாரணியைத் தடுக்கப் பார்ப்பது, இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய்? என்னிடம்தான்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு ஒரு தாய் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கும். எனக்கு இப்போது ஒன்றுதான் தோன்றுகிறது. பாதுகாப்பு என்ற வார்த்தையை நீ எடுக்கும்போதெல்லாம் அதனால் யார் எங்கே போக முடியாமல் போகிறது என்று பார். அந்தப் பையன்கள் வரும் ஞாயிறும் நீந்துவார்கள், நீ அதைப் பற்றி மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. முழுகியது உன் அம்மா. அப்படியும் உனக்குக் கோபம் வந்த இடம் தாரணியின் நீச்சல். அந்தப் பையன்களைப் பற்றிப் பேச உனக்கு ஏன் வாய் வரவில்லை என்பதுதான் என் சந்தேகத்தின் ஆணிவேர். அதனால் நீ சொல்லச் சொன்னதைத் தாரணியிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

புதன்கிழமை அந்த ரவிக்கைக் கடைக்குப் போனேன். பதினோரு வருஷமாக அந்தச் சந்து வழியே போகாமல் சுற்றிப் போனவள் நான். அங்கே அளவு சரியாக வராது என்று ஊரெல்லாம் வேறு சொல்லி வைத்திருந்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. உட்காரச் சொல்லவில்லை, மிஷினை நிறுத்தவும் இல்லை. அன்றைக்கு நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். "தெரியும்" என்றார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நத்தத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். "ரெண்டு பிள்ளைங்க. வாய்க்கால்ல கணுக்கால் தண்ணி ஓடுனாலும் ரெண்டையும் கையில புடிச்சுக்கிட்டுத்தான் நிப்பா. அம்புட்டு நல்லா நீந்துன பிள்ளை" என்றார். நான் மன்னிச்சிருங்க என்றேன்.

அப்போதுதான் மிஷினை நிறுத்தினார். "ஒங்க மகன் என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

இன்னும் அவனிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேக்காமலேயே வந்துட்டீங்களா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கும் அவனைக் கேக்காம நீங்களே பேசுனீங்க. இன்னைக்கும் அவனைக் கேக்காம நீங்களே பேசுறீங்க. போயி அவங்கிட்டக் கேட்டுட்டு வாங்க." மறுபடியும் மிஷின் ஓட ஆரம்பித்தது. நான் படியிறங்கி வந்துவிட்டேன். சந்து முனை வரைக்கும் எனக்கு அழுகை நிற்கவில்லை. அவமானத்தில் வந்த அழுகை அது. அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

அதனால் கேட்கிறேன் அப்பு. அன்று கயிற்றுக்கு அடியில் போனவன் நீயா? நான் இதை அனுப்புகிற மாதிரியே கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். இல்லை என்று எழுதினால் நான் உடனே நம்புவேன் என்று சொல்ல மாட்டேன், என் குணம் உனக்குத் தெரியும். ஆமாம் என்று எழுதினால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. அழுவேன். பிறகு அந்தச் சந்துக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன், நீ வந்தால்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குத் தாரணி வண்டியோடு வருகிறாள். புகார்த் தாளை அவளே எழுதி வைத்திருக்கிறாள், கீழே நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொடுத்துவிட்டு நாங்கள் நீந்துவோம். பத்திரிகை அச்சாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் தாலி கட்டிக்கொள்கிறவள் யாருக்குக் கழுத்தை நீட்டுகிறோம் என்று தெரிந்து நீட்ட வேண்டும். அதற்குள் நீயே அவளிடம் பேசிவிடு. நீ பேசாவிட்டால் மஞ்சள் தொப்பியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அத்தனையையும் அன்றைக்கு நான் அவளிடம் சொல்லிவிடுவேன். அதைக் கேட்டுவிட்டு அவள் உன்னைப் பற்றி என்ன முடிவு எடுத்தாலும், நீ அப்படிப்பட்டவன் இல்லை என்று இந்தத் தடவை நான் சாட்சி சொல்ல வர மாட்டேன்.

அம்மா